எங்கள் தெரு பன்னிரண்டு நிமிடம் முந்திய நாள்

ஒரு முழுத் தெருவின் நோன்பையும் ஒரே மாலையில் முறித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து ஒருவன் இருக்கிறான். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன். (இப்போது திருந்திவிட்டான். வேலை, மனைவி, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவன் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.)

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே, ஒரே ஒரு பள்ளிவாசலும் அதைச் சுற்றி ஒரு நீளத் தெருவும் உள்ள சின்ன ஊர். பக்கத்து ஊர்ப் பாங்குச் சத்தம் காற்று பலமாக அடித்தால்தான் காதில் விழும். பள்ளிக்கு மேற்கே வயல். வயலுக்கு மேற்கேயும் வயல். நடுவில் நாலைந்து மின்கம்பங்களைத் தவிர, கண் போகிற தூரம் வரை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த மேற்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் நோன்பு ஆனி மாதத்தில் வந்திருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை, ஆற்றில் வெறும் மணல். விடியற்காலை நாலரையிலிருந்து மாலை ஆறே முக்கால் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நான் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படிப்பில் இரண்டாம் வருடம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, உரக்கடை வைத்திருந்தார், பள்ளி ஜமாஅத்துக்குச் செயலாளர். பன்னிரண்டு வயதில் தொடங்கி நாற்பத்தொரு வருடமாக ஒரு நோன்புகூடத் தவறவிடாதவர். காய்ச்சல் வந்தாலும் நோன்பு மாதம் முடியட்டும் என்று அது காத்திருக்கும் என்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். நிலத்தையோ கடையையோ பற்றி அவர் பேசியதில்லை, இதை மட்டும் வருகிற விருந்தாளி எல்லோரிடமும் சொல்வார்.

பள்ளிவாசல் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. குவைத்தில் வேலை பார்த்த சலீம் மாமா, அவருடைய ஆபீஸில் கழித்துப் போட்டதை வாங்கிக் கொண்டுவந்து பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. நல்ல கம்பெனிப் பெட்டி, ஆனால் வயதானது. அதே அறையில் சுவரோரமாகச் சந்தூக்கு இருந்தது. ஊரில் யார் இறந்தாலும் மையித்தைத் தூக்கிப் போகிற பெட்டி. வேறு இடம் இல்லாததால் இரண்டும் ஒரே அறை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சந்தூக்கு இருக்கும். பகலிலும்கூட யாரும் அங்கே தேவைக்கு மேல் ஒரு நிமிடம் உட்கார மாட்டார்கள்.

அந்தச் சந்தூக்கில் கடைசியாகப் போனவர் காதர் மோதினார். முப்பது வருடம் எங்கள் பள்ளியில் பாங்கு சொன்னவர். நோன்பு திறக்கும் நேரத்தில் பாங்குக்கு முன்னால் மைக்கில், "நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. அல்லாஹ் நம் நோன்பை ஏற்றுக்கொள்வானாக" என்பார். அந்தக் குரல் வராமல் எங்கள் தெருவில் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகாது. அவருடைய கடைசி நோன்பில் நான்தான் அதைப் பதிவு செய்தேன். மைக் தட்டுகிற சத்தம், இருமல், மின்விசிறி இரைச்சல் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து வைத்தேன். அவர் போன பிறகு, அட்டவணை நேரத்துக்கு அந்தக் குரல் தானாக ஒலிக்கும்படி மாடிக் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்ததும் நான்தான். பிறகு புது மோதினார் இஸ்மாயில் அண்ணன் பாங்கு சொல்வார்.

பள்ளிக்கு நேர் எதிர் வீடு காதர் மோதினாருடையது. அவர் மனைவி ஜுலைகா மாமி தினமும் அந்த நேரத்துக்கு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு பேரீச்சம்பழம், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். புருஷன் குரல் வந்ததும் பிஸ்மி சொல்லி வாயில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் நாள் முழுக்கக் காத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்தில்தான் எனக்கு வேகம் தேவைப்பட்டது.

நோன்பு முடிந்து வரும் பெருநாளன்று வெளியிட, பள்ளியில் தொழவைக்கும் ஹஜ்ரத்தின் சொற்பொழிவுகளை வீடியோவாக மாற்ற வேண்டும். அந்தப் பெட்டி ஒரு சொற்பொழிவை மாற்றுவதற்குள் ஹஜ்ரத் இன்னொன்றை நிகழ்த்தி முடித்துவிடுவார். இது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம், ஹாஸ்டலில் என் அறைத் தோழன் தன் கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் செய்திருந்தான். அதாவது, தயாரித்தவன் வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓடவைப்பது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு களை வரும். அந்தக் களை எனக்கும் வேண்டும்.

அத்தாவிடம் அனுமதி கேட்டேன்.

"கம்ப்யூட்டர் எதுக்குடா வேகமாப் போவணும்? அது எங்க போவப்போவுது?"

"வீடியோ சீக்கிரம் முடியும் அத்தா."

"பெருநாளைக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. அது பாட்டுக்கு மெதுவா செய்யட்டும்."

இதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

கடையில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டராக இருந்தால் சுலபம். போட்டவுடன் பயாஸ் என்று ஒரு பக்கத்துக்குள் நுழையலாம். அங்கே வேகத்தைக் கூட்டக் குறைக்க எல்லா வசதியும் இருக்கும். கம்பெனிப் பெட்டியில் அந்தப் பக்கம் கிட்டத்தட்டக் காலி. தேதி, நேரம், கடவுச்சொல், அவ்வளவுதான். வேகம் என்ற சொல்லே இல்லை. வாங்குகிறவன் என்னைப் போல ஒருவனாக இருப்பான் என்று அந்தக் கம்பெனிக்காரனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பூட்டியிருந்தால் விட்டுவிட வேண்டியதுதானே? நான் இணையத்தில் தேடினேன். பயாஸுக்குப் போகாமலே, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக வேகத்தை மாற்றுகிற ஒரு சின்ன மென்பொருள் கிடைத்தது. அதற்கு உள்ளே இருக்கும் கடிகாரச் சிப்பின் எண் வேண்டும். லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் கீழே சுருண்டு படுத்திருந்த மத்தியானத்தில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. அதை ஊதினால், போர்டின் மேல் ஒரு பல்லியின் எலும்புக்கூடு. வால் நுனி வரை ஓர் எலும்பு குறையாமல் இருந்தது. முன்னங்கால் ஒன்று சரியாக நான் தேடிய சிப்பின் மேல் இருந்தது, தொடாதே என்று சொல்கிற மாதிரி.

எனக்குப் பின்னால் சந்தூக்கின் மரம் 'டக்' என்றது. வெயிலுக்கு மரம் வெடிக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் வேர்வை வேறு மாதிரி வழிந்தது. பல்லியின் காலைப் பேனா முனையால் நகர்த்திவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மென்பொருளை ஓட்டினேன். நூறு என்று இருந்ததை நூற்றொன்று ஆக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. விசிறி மட்டும் மூச்சை இழுத்துவிடுகிற மாதிரி ஒரு தரம் உயர்ந்து தாழ்ந்தது. அன்று நோன்பு திறந்து வெளியே வந்தபோது ஜுலைகா மாமி கூப்பிட்டார்.

"தம்பி ரியாஸ், ஒங்க மாமா இன்னைக்குக் கொஞ்சம் அவசரமா இருந்தாரே, கவனிச்சியா?"

"அது ரெக்கார்டிங் மாமி. எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்படியா?" என்றார். நம்பவில்லை.

அடுத்த நாள் பகல் ஒரு மணிக்கே நூற்றிரண்டு வைத்தேன். அஸருக்கு மாடி ஏறிப் பார்த்தால், சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. கம்ப்யூட்டரில் நாலு நாற்பத்துநாலு. என் போனில் நாலு நாற்பது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நாலு நாற்பத்தொன்று என்று ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிக் காட்டியது. மறுபடி வேகத்தைக் கூட்டிவிட்டு, உட்கார்ந்து திரையில் ஓடும் நொடி முள்ளையே பார்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அது முந்திக்கொண்டுதான் இருந்தது. கேட்க ஆளில்லாதபோது ஓடுகிறது, அணைத்துப் போட்டு விசாரித்தால் திருந்திவிடுகிறது. இஸ்மாயில் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மேல யாரோ இருக்காப்ல இருக்கு. நேத்தும் சத்தம் கேட்டுச்சு. பெருமூச்சு விட்டாப்ல."

"விசிறி அண்ணே."

"விசிறியா?" என்று சந்தூக்கைப் பார்த்தார். பிறகு அன்று முழுக்க அவர் மாடிக்கு வரவில்லை.

விளக்கம் இணையத்தில் கிடைத்தது. அந்த மென்பொருளைப் பற்றிய பக்கத்தில், கடைசி வரியில், ஒருவன் போகிற போக்கில் எழுதியிருந்தான். இப்படி வேகத்தைக் கூட்டினால் சில பெட்டிகளில் விண்டோஸின் கடிகாரமும் சேர்ந்து வேகமாக ஓடும், அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று. எனக்கு உயிர் வந்தது. ஜின்னும் இல்லை, காதர் மோதினாரும் இல்லை. வெறும் கணக்கு.

கணக்கில்தான் நான் புலி ஆயிற்றே! மாலைக்குள் இரண்டு நிமிடம் முந்தும். நோன்பு அட்டவணையில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் தள்ளித்தான் போட்டிருப்பார்கள். ஆக, ஒருவருக்கும் நஷ்டமில்லை, நமக்கு வேகம் லாபம். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, பெரிய சொற்பொழிவு ஒன்றை மாற்றக் கொடுத்தேன். நூற்றிரண்டு. "யாரும் அணைக்க வேண்டாம்" என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். இரண்டு நிமிடம் என்பது கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கான கணக்கு, காலையிலிருந்து ஓடினால் அது பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் கணிதம் படித்தவன் நான். இரண்டிலும் பாஸ்.

அன்று மத்தியானம் வானம் மூடிக்கொண்டது. ஆனியில் அப்படிச் சில நாள் வரும். மழை வராது, இருட்டு மட்டும் வரும். ஐந்தரைக்கே தெருவில் கோழிகள் அடைய ஆரம்பித்தன. ஆறு மணிக்கு மின்சாரம் போனது. மின்சாரத்தில் ஓடும் சுவர்க் கடிகாரங்கள் அணைந்தன. பள்ளியின் இன்வெர்ட்டரில் ஓடியது இரண்டே இரண்டு, ஒலிபெருக்கியும் மாடிக் கம்ப்யூட்டரும்.

கீழே எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு கிண்ணம் நோன்புக் கஞ்சி, மேலே ஒரு வடை. காற்று அசையவில்லை. இஸ்மாயில் அண்ணன் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தா முன்வரிசையில் கண்ணை மூடியிருந்தார். அப்போது காதர் மோதினாரின் குரல் வந்தது.

"நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது..."

தொழில்நுட்பப்படி அந்தக் குரல் மாறியிருக்க வழியில்லை. ஒலிக்கு வேறு கடிகாரம். ஆனால் எனக்கும் அன்று அது அவசரமாகத்தான் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னும் நேரம் இருக்காப்ல காட்டுதே" என்றார். அவருக்கு அடுத்தவர், "பள்ளியே சொல்லிட்டு. ஒம் போனு என்ன போனு, கஞ்சியக் குடி" என்றார். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த இரண்டு நிமிடம் ஞாபகம் வந்தது. அவ்வளவுதானே என்று நினைத்துக் குடித்தேன்.

பாங்கு, கஞ்சி, வடை எல்லாம் முடிந்து மஃரிப் தொழுகைக்கு வரிசை கட்டி நின்றோம். எங்கள் ஊரில் தொழுவது மேற்கு நோக்கி. ஹஜ்ரத் ஓத ஆரம்பித்தார். இருட்டில் அவருடைய வெள்ளை ஜிப்பா மட்டும்தான் தெரிந்தது.

பிறகு ஜிப்பாவின் நிறம் மாறியது. முதலில் லேசான மஞ்சள். பிறகு செம்மஞ்சள். மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு வரிசையாகக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் உண்டு. அவை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. மேகத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த ஒரு சந்தில், மறைக்க ஒரு மரம்கூட இல்லாத அந்த மேற்கில், சூரியன் முழு வட்டமாக இறங்கி வந்து எங்கள் எல்லோர் முகத்திலும் அடித்தது.

தொழுகையில் பேசக் கூடாது. திரும்பக் கூடாது. நோன்பு திறந்து வயிறு நிறைந்த அறுபது எழுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு சூரியனைப் பார்த்து நின்றோம்.  ஹஜ்ரத்தின் குரல் ஒரு இடத்தில் தடுக்கியது, பிறகு அடங்கிப்போய் ஓதியது. அத்தாவின் பின்கழுத்து சிவந்து ஒளிர்ந்ததை நான் இரண்டாம் வரிசையிலிருந்து பார்த்தேன். நாற்பத்தொரு வருடம் என்று மனதுக்குள் எண்ணம் ஓடியது. அந்தப் பயம் மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பட்டதில்லை.

ஹஜ்ரத் சலாம் கொடுத்து முடித்தும் யாரும் எழவில்லை.

"தொழுகையும் கூடல, நோன்பும் கூடல" என்றார் ஹஜ்ரத் மெதுவாக. "சூரியன் அடைஞ்ச பெறகு திரும்பத் தொழணும். இன்னைக்கு நோன்பைப் பெறகு எல்லாரும் களாவா வைக்கணும்." களா என்றால் விட்டுப்போனதற்கு ஈடாக இன்னொரு நாள் வைக்கும் நோன்பு. அத்தா தன் தாடியில் ஒட்டியிருந்த ஒரு கஞ்சிப் பருக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை தொழுத பிறகு எல்லோரும் மாடிக்கு ஏறினோம். கம்ப்யூட்டர் நேரத்தைப் பார்த்த சலீம் மாமா, "பதிமூணு நிமிஷம் கூடுதல்!" என்றார். யாரோ அணைத்துப் போட்டார்கள். சரியான நேரம் வந்தது. அறையே ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் இஸ்மாயில் அண்ணன். "மேல மூச்சுச் சத்தம் கேக்குதுன்னு."

"மௌத்தானவங்க கொரல வச்சு நோன்பு தெறக்குறதே தப்புங்க" என்றார் இன்னொருவர். "அவரு நம்மள அவசரப்படுத்துறாரு. அத அழிச்சுடுவோம்."

ஆளாளுக்கு ஆமாம் என்றார்கள். எனக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது. பழியை ஏற்றுக்கொள்ள ஓர் ஆவி தயாராக இருந்தது, அதுவும் மறுத்துப் பேசாத ஆவி. அத்தா என்னிடம், "ரியாஸ், அழிச்சுடு" என்றார்.

மவுஸைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வழியாக எதிர் வீட்டு வாசல் தெரிந்தது. மாமி அங்கேயே உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் ஒருநாளும் நேரம் தவறாத மனிதரை, செத்த பிறகு நேரம் தவறினவராக ஆக்கி, அவருடைய குரலையும் என் கையாலேயே அழிக்கப் போகிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்தா, மோதினார் இல்ல. நான்தான். கம்ப்யூட்டரை வேகமாக்கினேன். கடிகாரமும் சேர்ந்து வேகமாயிட்டு. எனக்கு நேத்தே தெரியும்."

"எவ்வளவு வேகமாக்குன?"

"ரெண்டு பர்சன்ட்."

 சலீம் மாமா, "ரெண்டு பர்சன்ட்டுக்கா ஒரு ஊரு நோன்பத் தின்ன?" என்றார். பின்னால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். சந்தூக்கு இருக்கிற அறையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அத்தா சிரிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. "போயி மொதல்ல மாமிக்கிட்ட சொல்லு, நோன்ப களா வைக்கணும்னு" என்றார். அடித்திருந்தால் தேவலை.

தெருவைக் கடந்து போய் மாமி முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லி, களா வைக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு எதுக்கு களா?" என்றார் மாமி. "நான் அப்ப தெறக்கலையே. சூரியன் அடைஞ்ச பெறகுதான் பழத்தை வாயில போட்டேன்."

"மாமா குரல் கேட்டுச்சே மாமி?"

"கேட்டுச்சு. ஆனா அவரு இருமல தம்பி. மைக்க எடுத்தா, சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை இருமுவாரு. தெனமும் இருமிட்டுதான் சொல்லுவாரு. இன்னைக்கு இருமாமச் சொன்னாரு. அதான், நேரம் வரலன்னு வச்சுட்டேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன். பாதித் தெருவில் கால் நின்றுவிட்டது. அந்த இருமலை நான்தான் போன வருடம் வெட்டி எறிந்திருந்தேன். திரும்ப மாடி ஏறி, அந்தப் பதிவை எட்டுத் தடவை போட்டுக் கேட்டேன். 'நோன்பு' என்ற சொல்லின் 'நோ'வில்தான் அது தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. எந்த நாளிலும் இருந்ததில்லை.

பெருநாள் கழிந்து ஒரு வியாழக்கிழமை தெரு முழுக்கக் களா நோன்பு வைத்தது. பள்ளியில் மறுபடி கஞ்சி காய்ச்சினார்கள், விறகு வெட்டி அடுப்பெரித்தது நான். அதற்கு இன்றுவரை 'ரியாஸ் நோன்பு' என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் கழிக்கப்பட்டுவிட்டது. குரல் இருக்கிறது. இஸ்மாயில் அண்ணன் மூன்று கடிகாரங்களைப் பார்த்துத் தன் கையால் போடுகிறார்.

அத்தா இப்போது விருந்தாளிகளிடம், "நாப்பத்தொரு வருஷம் ஒண்ணும் விடல. நாப்பத்திரண்டுல என் மவன் ஒண்ணத் தின்னுட்டான்" என்று சொல்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். என் கல்யாணத்துக்கு நான் அரை மணி முன்னால் போய் நின்றதற்குக்கூட, "ரெண்டு பர்சன்ட்டு வந்துட்டான்" என்றார்கள்.

ஒவ்வொரு நோன்பிலும் நான் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறேன். தனியாக இருக்கிறார் என்று ஜுலைகா மாமி இப்போது எங்கள் வீட்டில்தான் நோன்பு திறக்கிறார். எல்லோரும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பள்ளியில் குரல் வரும். வந்ததும் அத்தா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "என்னடா, இருமிட்டாரா?" என்பார். வீடே சிரிக்கும், நானும்தான்.

மாமி மட்டும் சிரிக்க மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "ம், இருமிட்டாரு. தெறங்க" என்பார். அதற்குப் பிறகுதான் நாங்கள் திறப்போம்.